முனீஸ் சார் இருந்த அறைகள்

அன்பு மகள் நஷ்வாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அப்பாவும் ரிஃப்காவும் இறைவன் அருளால் சுகம், நீயும் கோலாலம்பூரில் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். மழையில் நனைந்து வேலைக்குப் போகிறாயாமே, ஈரத்தலையோடு ஏசியில் உட்காராதே.

போன வாரம் போனில், உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த முனீஸ் சார் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்டபோது சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. அவரும் அவர் மனைவியும் இப்போது நம் வீட்டுப் பின்பக்க அறைகளில் இல்லை, நான்தான் காலி செய்யச் சொன்னேன். தெருவில் எல்லோரும் வீட்டை விடுதியாக்கினார்கள், வெள்ளைக்காரர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு அறை கேட்டு வாசலுக்கே வந்தார்கள், எனக்கும் ஆசை வந்தது. அவர் கோபப்படவே இல்லை, "சீசனுக்குள்ள போயிடுறோம் அக்கா, நீங்க சங்கடப்படாதீங்க" என்றார். ஆனால் இந்தத் தீவில் அவருக்கு யாரும் அறை தரவில்லை. கடைசியில் வேலையை விட்டுவிட்டு வேறு தீவில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாகக் கணக்கு டீச்சர் ஒருத்தி வந்தாள், தங்க இடம் தேடி அலைந்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிட்டாள். பத்தாம் வகுப்பில் ரிஃப்காவும் மற்றப் பிள்ளைகளும் கணக்கு நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

டூரிசத்தால் கெடுதல் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன் மகளே, அப்பாவின் படகுக்கு வேலை இருக்கிறது, பையன்கள் பிழைப்புக்குத் தலைநகர் மாலேக்குப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடக் கூட்டத்தில் நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக, டூரிசம் வந்து பிள்ளைகள் படிப்பு போச்சு என்று பேசினேன். பின்னால் இருந்த பக்கத்து வீட்டு ஷியூனா மெதுவாக, "டூரிசமா வந்து வாத்தியார வெளிய போகச் சொல்லுச்சு? சொன்ன ஆளுக்குப் பேரு இருக்கே அக்கா" என்றாள். எனக்கு உட்காரவும் தெரியவில்லை, எழுந்து போகவும் தெரியவில்லை.

மறுநாள் அந்த ரிசார்ட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் இங்கிலீஷில் தேன் மாதிரி வரவேற்றார், அது முனீஸ் சார் குரல் என்று தெரிய எனக்குச் சற்று நேரமானது. நான்தான் என்றதும் சிரித்து, "என்ன அக்கா, உங்களுக்கு ரூம் வேணுமா?" என்றார். கேலிக்குத்தான் கேட்டார். திரும்பி வாருங்கள் என்றேன். "இங்க ரெண்டு பேருக்கும் வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் இருக்கு. இனிமே வர முடியாதுக்கா. நஷ்வா நல்லா இருக்காளா?" என்றுதான் கேட்டார்.

அந்த அறைகளுக்கு வந்திருந்த முன்பதிவை எல்லாம் ரத்து செய்துவிட்டேன். அப்பா, "சீசன்லதான் உனக்குப் புத்தி வரணுமா?" என்று கத்தினார், பிறகு அவரே போய் வாசலில் மாட்டியிருந்த விடுதிப் பலகையைக் கழற்றினார். வேறு கணக்கு வாத்தியாரை அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியர் மாலேக்கு எழுதியிருக்கிறார், தங்க இடம் உண்டு என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறார். இன்னும் யாரும் வரவில்லை.

வேலை முடிந்ததும் ரிஃப்காவுக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடு, மறக்காதே. முனீஸ் சாரிடமும் பேசு, என் சார்பில் மன்னிப்புக் கேட்காதே, அது நான் நேரில் கேட்க வேண்டியது. அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். தினமும் யாராவது அறை கேட்டு வருகிறார்கள். இல்லை என்கிறேன். இருட்டாகக் கிடக்கும் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துப் போகிறார்கள்.

உன் அம்மா,
நஸீமா