பின்வரிசைக் கதிரை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கொழும்புக் கால்பந்துக் கழகம் கைவிட்ட, என்னிலும் மூத்த ரியாஸ் நானாவை இன்று எங்கள் மடவளை அணியில் சேர்த்துக்கொண்டேன். பயிற்சியாளர் நான், முடிவும் என்னுடையது. மாலையில் நன்றாகத்தான் ஓடினார். கோலும் அடித்தார்.

"முழங்கால் எப்பிடி நானா?"

"சுகம் தம்பி. கடைசியா ஒரு சீசன் தாங்க."

எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் அவசர புத்தி! அந்தி மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனால், கால் மடக்க முடியாத முதியவர்களோடு பின்வரிசையில் கதிரையில் இருந்து தொழுகிறார். தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்துத் திரும்பியவர் என்னைக் கண்டுவிட்டார். தொழுகையில் கண்டதை வைத்து ஒருவரை எப்படி விலக்குவது? விலக்காமல் எப்படி ஆடவிடுவது?

இரவு இஷாத் தொழுகைக்கு அவர் கதிரையைத் தொடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு ஸுஜூதிலிருந்தும் எழும்போது அவர் முனகலை அடக்குவது எனக்கு மட்டும் கேட்டது.