சோற்றில் கறி படக்கூடாது

நானாட்டான் பள்ளிக்கூடம்,
9.2.1986

அன்புள்ள ராக்கம்மா மதினிக்கு,

உங்கள் தம்பி பெண்சாதி பாலம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. பதினேழு நாளாக உங்கள் தம்பியைக் காணவில்லை. மன்னாருக்குப் போன பஸ்ஸை மறித்து ஆமிக்காரன் இறக்கிக் கொண்டுபோனதாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள். எந்த ராணுவக் காம்பில் போய்க் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்கிறார்கள். தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, உங்கள் ஊர் லிந்துலைக்கு வரும் அந்தோனிமுத்து அண்ணன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஆமிக்குப் பயந்து உயிலங்குளத்து வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு ஓடி வந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறோம். பெரிய கிடாரத்தில் சமைத்து, சோற்றின் மேலேயே பருப்பை ஊற்றிக் கொடுக்கிறார்கள். மூத்தவள் வழித்துச் சாப்பிடுகிறாள். சின்னவள் கோகிலா, சோற்றில் பருப்போ குழம்போ எந்தக் கறி பட்டாலும் வாயை இறுக்கிக்கொள்கிறாள். ஊட்டினால் ஓங்காளிக்கிறாள். நாலு வயசுப் பிள்ளை, விலா எலும்பை எண்ணலாம். நேற்று எழும்பி நிற்க முடியாமல் விழுந்துவிட்டாள்.

நான் செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டனாம், பசி வந்தால் தானாத் தின்னுமாம். பக்கத்துப் பாயில் இருக்கும் றோஸ்மேரி சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே பானையில் தின்ற மூத்தவளை நான் என்ன பட்டினி போட்டா வளர்த்தேன்? இது உங்கள் தம்பியின் ரத்தம் மதினி. அவருக்கும் கறி தனிக் கோப்பையில் இருக்க வேண்டும். சின்னதில் உங்களை அழ வைத்ததை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். அம்மா இல்லாத பிள்ளையை நீங்கள்தானே வளர்த்தீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அவர் போன அன்று காலை, அவசரத்தில் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றிவிட்டேன். தட்டைத் தள்ளினார். இந்த வயசிலும் இதென்ன கூத்து என்று கத்தினேன். ஒரு வாய்கூடத் தின்னாமல் பஸ் ஏறினார். பாவி நான்.

கோகிலா வயசில் என்ன செய்து அவரைத் தின்ன வைத்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதி அந்தோனிமுத்து அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். சின்னவளுக்கு ஊட்ட நான் இருக்கிறேன். அவருக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அங்கே கறி ஊற்றிய சோறே கொடுத்தாலும், நீங்கள் ஊட்டிய விதம் நினைவு வந்து அவர் தின்ன வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிடுங்கள் மதினி.

உங்கள் பதிலுக்குப் பயத்தோடு காத்திருக்கும்,
பாலம்மா