தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த உனக்கு

பள்ளிக்கூடத்துக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததுமே சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவதற்கு முந்தின வாரம்தான் நம் சுவர்களுக்கு இந்த யோகம் அடிக்கும் என்பது உனக்குத் தெரியும். நீ இல்லாமல் நடக்கப்போகிற முதல் இன்ஸ்பெக்‌ஷன் இது. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை டிரெயினிங் பள்ளியில் ஒரே அறையில் பாய் விரித்தவர்கள் நாம். நீ ஸ்ரீவில்லிபுத்தூர்த் தையல்காரர் மகள். நான் வத்திராயிருப்புச் சர்ச் உபதேசியார் மகள். ராஜபாளையத்து இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் வேலை கிடைத்தது. நீ தினமும் காலை ரயிலில் வருவாய். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தேன். அப்பா இறந்த பிறகு வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். உனக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு நான்காம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. பிள்ளைகளுக்கு முன்னால் 'டீச்சர்' என்போம். தனியாக இருந்தால் 'ஏட்டி' தான்.

இரண்டாம் வருஷம் ஐப்பசி லீவில் ஊருக்குப் போயிருந்தபோது எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. ஒரு மாதம் கொயினா மருந்து குடித்தேன். காய்ச்சல் இறங்கியது. காதுக்குள் மட்டும் சில்வண்டு கத்துகிற மாதிரி ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. தை மாதத்தில் அந்த இரைச்சலும் போயிற்று. அதோடு மற்ற சத்தமும் போயிற்று. காய்ச்சல் செய்ததா, மருந்து செய்ததா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. உரக்கக் கத்தினால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஏதோ கேட்கும். அவ்வளவுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். பாடப் புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பதால் பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தே எந்த வரியில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவேன். வாசித்து முடித்ததும் "நல்லா வாசிச்ச, உக்காரு" என்பேன். இப்படியே ஒரு மாதம் ஓட்டினேன். யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருநாள் கிருஷ்ணம்மா எழுந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பாடம் முழுவதையும் 'வாசித்தாள்'. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, வகுப்பிலேயே வாலு. நான் அவளையும் பாராட்டி உட்காரவைத்தேன். அடுத்தவளும் அப்படியே செய்தாள், அதற்கடுத்தவளும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். நான்காம் வகுப்பில் வாசிப்புச் சத்தமே இல்லை, ஆனால் "நல்லா வாசிச்ச" என்று என் குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பாடத்தை நிறுத்திவிட்டுத் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னாய்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு வந்தாய். என் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டாயாம். நான் பாட்டுக்குப் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தோளைத் தொட்டுத் திருப்பினாய்.

"ஏட்டி, எத்தன நாளா கேக்கல?"

உதட்டைப் பார்த்தேன், புரிந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் நீதான் சொன்னாய். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். "யார்ட்டயும் சொல்லிராத. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். தம்பி படிப்பு இருக்கு" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாய்.

மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார் என்று நான் போய்விட்டுத் திரும்பியபோது நீ என் வகுப்பிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாய். உள்ளே நாற்பது முகங்களும் என்னையே பார்த்தன. கிருஷ்ணம்மா தலையைக் கவிழ்த்திருந்தாள். நீ சொல்லிவிட்டாய் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அன்று உன்மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. பிள்ளைகளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அப்படியேதான் ஆயிற்று. இரண்டாம் நாளே ஒரு தாயார் வந்து, செவிட்டு டீச்சரிடம் என் மகள் படிக்க வேண்டாம் என்று ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டார். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். ஆனாலும் "இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், பாப்போம்" என்று தாளில் எழுதித்தான் காட்டினார். எட்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. நீ தினமும் என் மேஜையில் ஒரு கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போவாய். ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

வகுப்பும் உடனே திருந்திவிடவில்லை. எனக்குக் கேட்கவேண்டும் என்று நாற்பது பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. தட்டிக்கு அந்தப் பக்கம் நீ எப்படிப் பாடம் நடத்தினாயோ தெரியாது, ஒருநாளும் அதட்டவில்லை. ஒன்பதாம் நாள் கிருஷ்ணம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து, மோவாயைத் தூக்கி, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடித்ததும் அங்கேயே நின்றாள். "என்ன?" என்றேன்.

"பெரிய டீச்சர் சொன்னாங்க. கேக்காதவங்கள ஏமாத்துறதுக்கு ஒரு தெறமையும் வேண்டாம், அவங்களுக்குப் புரியிற மாதிரி வாசிக்கத்தான் தெறம வேணும்னு."

நாம் இரண்டு பேரும் ஒரே வயதுதான். உயரத்தால் நீ அவர்களுக்குப் பெரிய டீச்சர். அன்று மத்தியானம் அந்தக் கொய்யாப்பழத்தைத் தின்றேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் நீயே வந்து பேசினாய். முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக.

"அந்தம்மாட்ட நீயே சொல்லிரு. அவிய கண்டுபிடிச்சா அது குத்தம். நீ சொன்னா அது சங்கதி."

சொன்னேன். வகுப்பு வாசலிலேயே சொன்னேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் முகத்துக்கு நேராகத் திரும்பினார். "பாடம் நடத்துங்கள், பார்க்கிறேன்" என்று பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

கிருஷ்ணம்மாவை எழுப்பினேன். ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தாள், திருத்தினேன். ஒரு சொல்லை முழுங்கினாள், அதையும் திருத்தினேன். பிறகு அவள் வாசித்த ஒரு வரிக்கு நான் தலையசைத்தேன். வகுப்பில் ஏதோ அசைவு. பக்கத்துப் பெண் அவள் பாவாடையை இழுத்தாள். கிருஷ்ணம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னாள், விளங்கவில்லை. கடைசியில் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'மலை என்று வாசித்துவிட்டேன். மழை.'

இரண்டும் உதட்டில் ஒன்றுதான். அதுவரை எனக்கே அது தெரியாது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. வாசிப்பைக் கொடுக்க வேண்டாம், கணக்கும் கையெழுத்தும் தையலும் இவரிடம் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அதில் நான் கோபப்பட ஒன்றுமில்லை. மழையையும் மலையையும் பிரித்தறிய முடியாதவள் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஆனால் வேலையில் எனக்குப் பிரியமானது வாசிப்பு ஒன்றுதான். அது போயிற்று.

அதை நீ எடுத்துக்கொண்டாய். உன் வகுப்புக்கும் வாசிப்பு, என் வகுப்புக்கும் வாசிப்பு. சாயங்காலம் ஆனால் உனக்குத் தொண்டை கட்டிவிடும். ரயிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கேட்காத நானும் பேச முடியாத நீயும் சிலேட்டில் எழுதிப் பேசிக்கொண்டிருப்போம். ஸ்டேஷனில் போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். 'பாத்துட்டுப் போகட்டும்' என்று நீ எழுதுவாய்.

போன சித்திரையில் உனக்கு டைபாய்டு என்று தகவல் வந்து, நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் எனக்கு நன்றாகப் புரிந்த வாய் அது ஒன்றுதான்.

நீ செய்தது சரிதான் என்று உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்து இருந்துவிட்டேன். சொல்லியிருக்கலாம்.

இப்போது பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள் நானே சொல்லிவிடுகிறேன். "எனக்குக் காது கேக்காது. என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. புரியலன்னா திரும்பக் கேப்பேன், நீங்க சலிச்சுக்கக் கூடாது." இந்த வருஷமும் சொன்னேன். பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மேஜைக்கு வந்தாள். மூன்று வருஷமாக மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளை. மோவாயைத் தூக்கி, என் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"டீச்சர், எனக்குப் போர்டு கண்ணுக்குத் தெரியாது. அங்கருந்து பாத்தா எழுத்து எதுவுமே தெரியாது. யார்ட்டயும் சொன்னதில்ல."

அவள் பையை நானே எடுத்துவந்து முதல் வரிசையில் வைத்தேன்.