சனிக்கிழமைக்குள் தண்ணீர் வரவேண்டும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. மடிக்கும்போது எண்ணினேன், அவர் கைக்குட்டை ஒன்று குறைகிறது.

உள்ளே 2000. வெளியே 2150. தெளிவு. எடை 54.2. கால் வீக்கம் இல்லை.

இதையெல்லாம் புத்தகத்தின் முன்பக்கம் மருத்துவமனைக்கு எழுதுகிறேன். பின்பக்கம் எனக்கு. அவர் தொடமாட்டார். இந்த எண்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சனிக்கிழமை பேத்திக்கு முப்பத்தொன்றாம் நாள். ஜொகூர் பாருவில் மகள் வாணி வீட்டில் தொட்டில் போடுகிறார்கள். தொட்டில் சேலை நாங்கள்தான் கொண்டுபோகவேண்டும். மகள் பிள்ளை பெற்றபோது பத்தியச் சோறு ஆக்கிப்போடக்கூடப் போகாதவள் நான். எல்லாவற்றையும் சம்பந்தியம்மாள் பார்த்துக்கொண்டார். இதற்காவது போகவேண்டும்.

ஈப்போவிலிருந்து ஏழெட்டு மணி நேரம். நடுவில், பன்னிரண்டு மணிக்கு, ஒரு பை மாற்றியாகவேண்டும். கிட்னி போனதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு பை, வயிற்றில் இருக்கும் குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை விட்டு எடுப்பதே என் பிழைப்பு. அதற்காகத்தான் அவர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய பழைய கிலாங் வேன் ஒன்றைப் பிடித்து, கோப்பெங்கில் பட்டறை வைத்திருக்கும் ஆ சோங்கிடம் கொடுத்து உள்ளே வீடாக மாற்றி வாங்கினார். படுக்கை, மேசை, சின்ன சிங்க், தண்ணீர் டேங்க், பம்ப்.

இன்று பைப்பைத் திறந்தால் தண்ணீர் நூலாக வருகிறது. பம்ப் மட்டும் கடகடவென்று கத்துகிறது.

எனக்கு உடனே போன வருடம் பீடோர் ஊரில் நடந்த கல்யாணம்தான் ஞாபகம். மண்டபத்துப் பைப்பில் இதே நூல் தண்ணீர். நேரமாகிறது என்று அவசரமாகக் கை கழுவிப் பை மாற்றினேன். மூன்றாம் நாள் வெளியே வந்த தண்ணீர் கஞ்சி மாதிரி. வயிற்றில் கிருமி. பதினோரு நாள் வார்டில். வலி என்றால் அப்படி ஒரு வலி.

ஜூலை 8, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

உள்ளே 2000. வெளியே 2050. தெளிவு.

அவர் செய்தவை:
பைப்பு வாயில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவினார். அதே நூல்.
பேட்டரி பார்த்தார். நிறைய இருக்கிறது.
வீட்டு ஹோஸை நேராக வேன் பைப்புக்கு மாட்டினார். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்து அவர் சட்டையை நனைத்தது. ஆக, பைப்பில் அடைப்பு இல்லை. பம்ப்தான் கோளாறு என்று தீர்ப்பு.

முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். தண்ணீர் சமாச்சாரம் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

வாணி கூப்பிட்டாள். "முடியலன்னா பரவால்ல மா. வீடியோ கால் போடுறேன்." பரவாயில்லை என்னும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. கேட்டால் சளியாம்.

வாங்க: முறுக்கு மாவு, முகமூடி 1 பெட்டி, கை துடைக்கும் தாள்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் நல்ல மழை. கல்மலை தெரியவில்லை.

உள்ளே 2000. வெளியே 1900. குறைவு. கவலையில் தண்ணீரும் குறையுமோ.

மருத்துவமனை நர்ஸ் மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். வேன் டேங்க்கை மருந்து போட்டுக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிக்கலாம், கழுவியபின் கையில் கிருமிநாசினி தேய்க்கவேண்டும் என்றாள். ஆனால் தண்ணீர் விசையாக ஓடவேண்டும், நூலாக வந்தால் சோப்பும் போகாது கிருமியும் போகாது. அவர் பக்கத்திலிருந்து செம்பில் மொண்டு ஊற்றுகிறேன் என்று கத்தினார். அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள். கடைசியில், "தண்ணி வரலன்னா போகாதீங்க அக்கா. பீடோர மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறப்பேனா.

அப்புறம் அவர் ஆ சோங்கைப் பிடித்துக்கொண்டார். மலாயில் அரை மணி நேரம் வசவு. ஓட்டைப் பம்ப்பைத் தலையில் கட்டிவிட்டாய், என் பெண்டாட்டி உயிரோடு விளையாடுகிறாய் என்றெல்லாம். ஆ சோங் பாவம், பம்ப்புக்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டி இருக்கிறது, திறந்து பார் என்றாராம். திறந்தார். பளபளவென்று இருந்தது. வசவு இன்னும் கூடியது.

ஜூலை 10, வியாழன்

வெயில். ஈசல் சிறகு வாசல் முழுக்க. கூட்டினேன்.

உள்ளே 2000. வெளியே 2100. தெளிவு.

அவர் வேறு பம்ப் தேடி டவுனுக்குப் போனார். நான் வேனில் தனியாக. பைப்பைத் திறந்துவைத்து, என் அளவு ஜாடியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டேன். என் தண்ணீர் மெதுவாக வந்தால் நான் செய்வது இதுதான்.

முதல் 20 வினாடி: நல்ல வேகம்.
அதன் பிறகு: நூல்.
பம்ப்பை நிறுத்தி ஐந்து நிமிடம்.
மறுபடி 20 வினாடி: நல்ல வேகம். பிறகு நூல்.

மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே. பம்ப் கெட்டிருந்தால் இருபது வினாடி மட்டும் எப்படி நன்றாக ஓடும்? எனக்கும் சில நாள் இப்படி ஆகும். நன்றாக வந்துகொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். உள்ளே ஏதோ போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொள்கிறது என்பாள் மிஸ்ஸி. ஒருக்களித்துப் படுத்தால் விலகும்.

அப்படியானால் டேங்க்குக்குள் மெத்தென்று ஏதோ இருக்கிறது. இழுக்கும்போது போய் வாயை அடைக்கிறது. நிறுத்தினால் மிதந்து விலகுகிறது.

மெத்தென்று என்ன இருக்கும் என்று யோசித்தேன். பைப்பை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போயிருந்தபோது டேங்க்கில் மீதித் தண்ணீரைப் பிடித்தது நான். ஹோஸ் முனையில் துணி கட்டினேன். தொட்டிலுக்கு வைத்திருக்கும் மெல்லிய வாயில் ரகச் சேலையில் ஓரமாக ஒரு துண்டு கிழித்து, கொதிக்கவைத்து, ரப்பர் போட்டுக் கட்டினேன். தோட்டத்து லயத்தில் பைப்புக்குத் துணி கட்டாமல் யார் தண்ணீர் பிடித்தார்கள்? ஊர் மாறியும் கை மாறவில்லை. நடுவில் மழை வந்தது. ஹோஸை உருவிச் சுருட்டிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

போய்ப் பார்த்தேன். ஹோஸ் முனையில் துணியும் இல்லை, ரப்பரும் இல்லை.

அவர் வந்தார். ஈப்போவில் அந்தப் பம்ப் இல்லை, நாளை கோப்பெங் போய் ஆ சோங்கை நேரில் ஒரு கை பார்க்கிறேன் என்றார். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சோறு போடவா என்று கேட்டேன். வெட்கம். அதைவிடப் பயம். என் பைத்தியக்காரத்தனத்தால் பயணமே போச்சு என்று அவர் முகம் விழுந்துவிட்டால் எனக்குத் தாங்காது.

ஜூலை 11, வெள்ளி

பனி. கோயில் போகவில்லை.

உள்ளே 2000. வெளியே 2000.

எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினார். கேட்டில் போய் நின்றேன்.

"ஏங்க, போகாதீங்க. டேங்க்குக்குள்ள துணி கெடக்கு. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வினாடிக் கணக்கையும் சொன்னேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேனுக்குள் ஏறினார்.

படுக்கைப் பலகையைத் தூக்கினார். டேங்க் மூடியைத் திருகினார். தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். வந்தது, என் நீலச் சேலைத் துண்டு, ரப்பரோடு. அப்பாடா என்று உட்காரப் போனேன். அவர் மறுபடி கையை விட்டார். இன்னும் துழாவினார். மெல்ல இன்னொன்று வந்தது. கட்டம் போட்ட கைக்குட்டை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சனிக்கெழம மொத தண்ணி நான்தான் புடிச்சேன்," என்றார். "வீட்டு பைப்புல துரு வருதுல்ல. ஒங் கையில படக்கூடாதுன்னு கட்டுனேன்."

"அப்போ ஆ சோங்?"

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன் லா."

வேனுக்குப் பின்னால் போய் நின்று போன் பேசினார். ரொம்ப மெதுவான குரல். ஆ சோங் சிரித்தது எனக்கு இங்கே கேட்டது. வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது. இரண்டு வருடமாக நான் ஒருத்திதான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேங்க் காலி. மருந்து போட்டு இரண்டு தரம் கழுவல். புதுத் தண்ணீர். துணி கட்டவில்லை. இரண்டு பேருக்கும் கை அரித்தது.

பைப்பு திறந்து பத்து நிமிடம் பார்த்தேன். குறையவே இல்லை. முறுக்கு கருகிவிட்டது.

ஜூலை 12, சனி

ஐந்து மணிப் பை வீட்டில். விடியும்போது கிளம்பினோம்.

12.10. மலாக்கா தாண்டி ஓர் ஓய்விடம். தூசு வராமல் கண்ணாடி அடைத்து, விசிறி நிறுத்தி, வேர்த்துக் கொட்டியது. பைப்பைத் திறந்தேன். எண்ணிக்கொண்டே கழுவினேன். இருபது தாண்டி, அறுபது தாண்டி, அதே வேகம். அவர் கதவுக்கு வெளியே காவல். வேனைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம், உள்ளே மனைவி சாமி கும்பிடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே 2000. வெளியே 2200. தெளிவு.

3.30. வாணி வீடு. சம்பந்தியம்மாள் சேலையை விரித்ததும் கிழிந்த ஓரத்தைப் பார்த்துவிட்டார். "எலி கடிச்சிருச்சும்மா," என்றார் இவர், முகம் மாறாமல்.

வாணி பிள்ளையை நீட்டினாள். பொறு என்று போய், கை கழுவிவிட்டு வந்து வாங்கினேன். இரண்டு பை கனம் இருக்கிறாள். சூடு பண்ணிய பையின் அதே வெதுவெதுப்பு. தொட்டில் கட்டியாயிற்று, போடலாம் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போடலாம் என்றேன்.