புரோகிராமில் இருக்கிறபடி

14 ஜூலை 1969, திங்கள்

காத்து. ஆடி பொறக்கலை, அதுக்குள்ள ஆடிக் காத்து. ஜன்னலைச் சாத்தினா வேர்வை, திறந்தா காகிதம் பறக்குது. நாளைக்குள்ள யாரு எந்த ஊருக்குன்னு ரெண்டு வாரத்து டூர் புரோகிராம் எழுதிக் கடலூர் ஆபீசுக்கு அனுப்பணும். மலேரியா இன்ஸ்பெக்டர்னு பேரு. செய்யறது ஆள் மேய்க்கிற வேலை.

மூணு கோஷ்டி. கோஷ்டிக்கு ஒரு பெர்மனென்ட், நாலு சீசன் ஆளு. பெர்மனென்ட்டுக்குக் காக்கிச் சட்டை, சாக்பீஸ், ரிஜிஸ்டர். சீசன் ஆளுக்குப் பம்பு, டி.டி.டி. மூட்டை, சொந்த வேட்டி. வூடு வூடா மருந்து அடிக்கிறது சீசன். அடிச்சாச்சுன்னு சுவத்துல தேதி எழுதறது பெர்மனென்ட். சாக்பீஸ் தூக்கறதுதான் இங்க கஷ்டமான வேலை.

இன்னிக்குப் பெர்மனென்ட்டுங்க வெச்ச கோரிக்கை:

முதல் ஆளுக்கு முட்டி வலி. பஸ்ஸு நிக்கிற ஊரா வேணும்.

ரங்கசாமிக்குப் பெண்ணாடம் வேணாம். தண்ணி ஒத்துக்கலையாம்.

மூணாவது ஆளுக்கு ஒரு மாசம் லீவு. மாமனாருக்கு ஆபரேசனாம். அந்த மாமனாரோட கருமாதிக்குப் போன வருசம் நானே போய்ட்டு வந்தேன்.

சீசன்காரங்க பன்னெண்டு பேரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை.

15 ஜூலை, செவ்வாய்

மூணாவது கோஷ்டிக்குத் தலை இல்லை. காசியைப் போட்டுட்டேன். ஏழு வருசமா சீசன் ஆளு. அஞ்சு மாசம் எடுத்துக்குவோம், அப்புறம் வூட்டுக்குப் போன்னுடுவோம். ஆபீசுல பேரு சொல்லிக்கூடக் கூப்புடறதில்லை. "ஏ சீசனு!" பண்ருட்டிப் பலாவுக்கும் அதே பேருதான்.

இப்ப ஒரு பெர்மனென்ட் இடம் காலி. லிஸ்ட்ல முதல் பேரு காசி. ஒரு ரிமார்க்கும் இல்லாம இந்த சீசனை முடிச்சா அவனுக்குத்தான். அவன் சம்சாரம் பீங்கான் பேக்டரியில மண்ணு மிதிக்குது. ஆர்டர் கையில வந்த அன்னிக்கே அதை நிறுத்திடுவேன்னு சொன்னான்.

காக்கி இல்லாம போனா ஊர்க்காரன் மதிக்க மாட்டான். என் பழைய காக்கிச் சட்டையைக் குடுத்தேன். என் வூட்டுக்காரி லோகா பொத்தான் தைச்சுக் குடுத்தா. போட்டுகிட்டு ஜன்னல் கண்ணாடியில ரெண்டு தரம் பாத்துகிட்டான்.

போறப்ப தலையைச் சொறிஞ்சுகிட்டு நின்னான்.

"சார், 22ந் தேதி எனக்குச் சின்னநத்தம் போட்டிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமை அங்க மாரியம்மனுக்குக் காப்பு கட்றாங்க சார். கட்டிட்டா மருந்து நாத்தம் ஆவாதும்பாங்க. நம்மள வாசப்படி ஏற வுட மாட்டாங்க. திருவிழா முடிஞ்சு போட்டுக்கலாங்க."

"டைப் அடிச்சாச்சுப்பா. ஆத்தாகிட்ட பர்மிசன் வாங்கிகிட்டா கவர்மென்ட் நடக்குது?"

சொன்னது நான்தான். பெரிய பேச்சு.

19 ஜூலை, சனி

லோகாவுக்கு ராத்திரி பூரா இழுப்பு. பேக்டரிப் பக்கம் இருந்து காத்து அடிச்சா இப்படித்தான். டாக்டரு இந்தப் புகையை வுட்டுப் போங்கன்னு மூணாவது தரமா சொல்லிட்டாரு. கடலூர் டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டு ஒரு வருசம் ஆவுது. பேப்பர் ஆபீசர் மேசையில இருக்குதாம். புகாரு எதுவும் கிளம்பாம இருந்தா இந்த மாசம் கையெழுத்து ஆயிடும்னு ஹெட் கிளார்க் சொன்னாரு.

மண்ணெண்ணெய் வாங்கணும். சைக்கிளுக்கு டியூப்.

21 ஜூலை, திங்கள்

நிலாவுல மனுசன் எறங்கிட்டானாம். டீக்கடை ரேடியோவுல காலையில இருந்து அதே பேச்சு. நிலாவுக்கு ஆளு போயிட்டான், கம்மாபுரம் தாண்டி மூணு மைல் நடந்து சின்னநத்தம் போவ எங்க பெர்மனென்ட்டுக்கு மட்டும் கால் வராதுன்னு நெனச்சேன். சாயந்தரம் ரங்கசாமியே வந்து நிக்கிறான்.

"சார், நாளைக்குச் சின்னநத்தத்துக்கு நான் போறேன். எனக்குப் போட்ட மங்கலம்பேட்டைக்குக் காசியை அனுப்பிடுங்க. என் தங்கச்சியைச் சின்னநத்தத்துலதான் குடுத்திருக்குது. நாளைக்குக் கூழ் ஊத்துறாங்க. ட்யூட்டி பாத்த மாதிரியும் ஆச்சு, சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு."

"புரோகிராமை எழுத்துல மாத்தணும்யா."

"ஒரு நாளைக்கு எதுக்கு சார் எழுத்து? நமக்குள்ளதானே?"

சரின்னுட்டேன். யூனியன் ஆளு. வேணாம்னா பத்து நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். காசிகிட்ட வாயால சொன்னேன். காகிதத்துல கை வைக்கலை.

22 ஜூலை, செவ்வாய்

மழை வர்ற மாதிரி வந்து ஏமாத்திடுச்சு.

ஆறு மணிக்குக் காசி கோஷ்டி வந்துச்சு. தலை, புருவம், என் காக்கிச் சட்டை எல்லாம் மருந்து. இருமிகிட்டே சிரிக்கிறான். மங்கலம்பேட்டையில ரெண்டு தெரு முழுசா முடிச்சுட்டானாம்.

ரங்கசாமி கோஷ்டி அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. மூட்டை காலி, ரிஜிஸ்டர் ஃபுல்லு. நெத்தியில விபூதி. சட்டையில ஒரு பொட்டு மருந்து இல்லை. பாத்தேன். கேக்கலை.

24 ஜூலை, வியாழன்

சின்னநத்தத்துல இருந்து மனு. ஏரியில மீனு செத்து மெதக்குதாம், மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குதாம். "மலேரியா ஆபீசு காக்கிச் சட்டைக்காரர் மருந்து மூட்டையை ஏரியில் கொட்டிவிட்டுப் போனார்." ஒரு காப்பி எனக்கு, ஒரு காப்பி கடலூருக்கு. 

25 ஜூலை, வெள்ளி

சைக்கிள்ல போனேன். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். வூட்டுக்கு வூடு வெளிச்சுவத்துல சாக்பீஸ்ல 22ந் தேதி பளிச்சுன்னு. உள்ள எட்டிப் பாத்தா ஒரு சுவத்துலயும் மருந்து இல்லை.

ஒரு அம்மா சொல்லுச்சு: "காப்பு கட்டிட்டு உள்ள வுடுவோமாய்யா? அவரும் கேக்கல. வெளியவே எழுதிகிட்டுப் போயிட்டாரு."

"யாரும்மா? பேரு என்ன?"

பக்கத்துல மீசையைத் தடவிகிட்டு ஒருத்தர். ரங்கசாமி தங்கச்சி வூட்டுக்காரரு. அந்த அம்மா அவரைப் பாத்துச்சு. "காக்கிச் சட்டை போட்டிருந்தாரு. பேரெல்லாம் யாரு கேட்டா?"

திரும்பி வர்ற வழியிலதான் எனக்கு உறைச்சுது. அன்னிக்கு அங்க வேலையே நடக்காதுன்னு ரங்கசாமிக்குத் தெரியும். அதுக்காகத்தான் கேட்டு வாங்கிகிட்டுப் போயிருக்கான். நான் ஒரு மடையன்.

28 ஜூலை, திங்கள்

கடலூர் ஆபீசர் ஜீப்புல வந்தாரு. மேசையில புரோகிராம். 22, சின்னநத்தம், காசி.

காசியைக் கூப்புட்டாங்க. "நான் மங்கலம்பேட்டை போனேங்கய்யா. சார்தான் மாத்தி வுட்டாரு. சாரைக் கேளுங்க." பயமே இல்லை அவனுக்கு. என்னைப் பாத்துகிட்டே சொன்னான். அவன் கோஷ்டி மூணு பேரும் தரையைப் பாத்துகிட்டு நின்னாங்க. அவங்களுக்கும் அடுத்த சீசன் வேணுமில்ல. ரங்கசாமி கையைக் கட்டிகிட்டுத் தூணோட தூணா.

காசியை வெளிய நிக்கச் சொல்லிட்டு ஆபீசர் மனுவைத் திரும்பப் படிச்சாரு. "காக்கிச் சட்டைன்னு எழுதியிருக்கானே. சீசன் ஆளுக்கு ஏதுய்யா காக்கி?"

அப்பாடான்னு இருந்துச்சு. நான் வாயைத் திறக்காமலே தப்பிச்சுட்டான்னு நெனச்சேன்.

ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. வராந்தாவுல காசி. என் சட்டையில.

"அதோ, போட்டுகிட்டுத்தானே நிக்கிறான்." என் பக்கம் திரும்பினாரு. "என்ன இன்ஸ்பெக்டர், புரோகிராம்ல இருக்கிறபடிதானே போனாங்க?"

மாத்தினேன்னு சொன்னா, எழுத்து எங்கம்பாரு. அப்புறம் கடலூரு எங்க? லோகா இழுப்பு காதுல கேக்குது.

"ஆமாங்க சார். புரோகிராம்ல இருக்கிறபடிதான்."

சட்டை நான் குடுத்ததுன்னாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லலை. ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. காசிக்குக் கேட்டிருக்கும்.

29 ஜூலை, செவ்வாய்

ஆர்டர். காசியை உடனே நிறுத்தணும். இனி எந்த சீசனுக்கும் எடுக்கக் கூடாது. லிஸ்ட்ல பேரை அடிக்கச் சொல்லியிருக்கு. ஸ்கேல் வெச்சு நேரா அடிச்சேன்.

ரங்கசாமி டீ வாங்கியாந்து குடுத்தான். "பெரிய மனசு சார் உங்களுக்கு"ன்னான். செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. டீயைக் குடிச்சேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

காலையில காசி வூட்டுக்கு வந்தான். குரல் கேட்டதும் நான் குளியல் ரூமுக்குள்ள போயி நின்னுகிட்டேன். நாப்பத்தி ரெண்டு வயசு எனக்கு.

"சார் சட்டைம்மா. தொவைச்சுக் கொண்டாந்திருக்கேன்."

லோகாவுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லலை. "ஏன், ஆபீசுல புதுசு குடுத்துட்டாங்களா? பெர்மனென்ட் ஆயிடுச்சா காசி?"



"இல்லைங்கம்மா. அளவு சரியா வரலை. போயிட்டு வரேங்க."

காப்பி குடிச்சுட்டுப் போன்னா. நிக்கலை. சட்டை கஞ்சி போட்டு, பொட்டி போட்டு மடிச்சிருக்கான். என் வூட்டுல அப்படித் தேச்சதே கெடையாது. மருந்து வாடை மட்டும் போவலை.

4 ஆகஸ்ட், திங்கள்

மழை, ஒருவழியா. அடுத்த புரோகிராம் எழுதணும். மூணாவது கோஷ்டிக்குத் தலை இல்லை.

தபால்ல ரெண்டு.

ஒண்ணு கடலூர் டிரான்ஸ்பர் ஆர்டர். பதினஞ்சு நாள்ல சேரணும்.

இன்னொண்ணு கார்டு. மங்கலம்பேட்டை மளிகைக்கடை பாய் எழுதினது. "22ந் தேதி எங்கள் தெருவில் மருந்து அடிக்க வந்த காசி என்பவர், என் தாயார் படுக்கையில் இருப்பதைப் பார்த்து, கட்டிலோடு தூக்கி வெளியே வைத்து, அரிசிப் பானை முதல் எல்லாவற்றையும் தானே எடுத்து மூடி, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே வைத்துக் கொடுத்தார். அடுத்த முறையும் அவரையே அனுப்ப வேண்டுகிறேன்."

தேதி இருக்குது. பேரு இருக்குது. ஊரு இருக்குது. தபால் முத்திரைகூடத் தெளிவா விழுந்திருக்குது.

வர்ற தபாலையெல்லாம் ரிஜிஸ்டர்ல பதியணும். ஆர்டரைப் பதிஞ்சுட்டேன். லோகா பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்ட ஆரம்பிச்சுட்டா. கார்டு இந்த டைரிப் பக்கத்துக்குள்ள இருக்குது.