வீட்டு வயரிங்கில் கோளாறு இல்லை

டாக்டருக்குப் படிக்காமலேயே டாக்டராகிவிட்ட என் அருமை மகனுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் தங்கை சுகம், அப்பாவும் சுகம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதால் அவரைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா என் தோளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார், நான் உன்னைத் திட்டுவதைக் கேட்டால் அவர் மனசு நோகும். உன் மனசு நோகலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது, சிரித்தால் அப்படியே உன் மாமனார். உன் தங்கைக்கு பேங்கில் வேறு கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது, இனி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று உன் தங்கை வாய் தவறி உன்னிடம் உளறியது போன மாதம். நீ உடனே அவரைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் வைத்தியம் பார்த்தாய். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த மாத்திரையெல்லாம், நீங்க எவ்வளவு ஸ்ட்ராங்கான ஆளு, அதெல்லாம் பழக்கமாயிடும், மனசுல உறுதி இருந்தா போதும், காலையில எழுந்து நடங்க" என்று சொன்னாயாம். அடேயப்பா, இந்த வைத்தியம் இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே. நீ மட்டும் எட்டு வருடமாக நெஞ்செரிச்சலுக்குத் தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறாய், உன் வயிற்றிடம் கொஞ்சம் உறுதியாக இருக்கச் சொல்லிப் பார்த்தாயா? ஊருக்குத்தான் உபதேசம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், நீ உன் அப்பா ஒருவரோடு நிறுத்திக்கொண்டால் சரி.

மறுநாளிலிருந்து உன் அப்பா தினம் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டு வந்தது, நானும் அதைப் பார்த்துவிட்டு என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணைத் திருப்பினாலே தலைக்குள்ள விர்ருன்னு ஷாக் அடிக்குது" என்றார். வேறு யாராவது என்றால் உடம்புக்கு என்னவோ என்று நினைப்பார்கள். முப்பத்தோரு வருடம் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவருக்கு ஷாக் என்றால் ஒரே அர்த்தம்தான், வீட்டில் எங்கேயோ கரண்ட் லீக் ஆகிறது. அன்றைக்கே டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். சமையலறையில் ஒன்று, கூடத்தில் இரண்டு, குளியலறை வாசலில் ஒன்று என்று எல்லா சுவிட்ச் போர்டும் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார், பால் திரிந்தது. "லீக்கு எதுவும் இல்லையே, ஆனா அடிக்குதே" என்று ஒரே புலம்பல். நம் வீட்டில் இல்லையென்றால் மேல் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று படியேறிப் போய், ஒரு பாவமும் அறியாத அந்த வரி அலுவலகக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். உன் அப்பா சண்டை போட்டு நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? கீழே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தவர், சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சட்டையைச் சேறாக்கிக்கொண்டதற்குத் தேம்பித் தேம்பி அழுதார். தூக்கம் இல்லை, தூங்கினால் பயங்கரக் கனவு, வேர்வை, குமட்டல், நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். நான் மூட்டைப் பூச்சி மருந்து வாடையாக இருக்கும் என்று சொல்லி ஜன்னலைத் திறந்து வைத்தேன். அறிவில் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஆறாம் நாள் மெயின் போர்டைக் கழற்றுகிறேன் என்று ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே நிமிர்ந்து பார்த்தார், தலைக்குள் அந்த ஷாக் அடித்திருக்கிறது, என் மேலேயே சரிந்தார். முழங்கையில் நாலு தையல், கடவுள் புண்ணியத்தில் அவ்வளவோடு போயிற்று. தையல் போட்ட கையோடு அவருடைய மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஆனால் படித்துவிட்டு டாக்டரானவள். அவள் கேட்ட முதல் கேள்வியே, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பையன் வேண்டாம்னான், நிறுத்திட்டேன்" என்றார். அட்டை எப்படிக் காலியானது என்று அங்கேயே பிடித்துக்கொண்டேன், வாஷ்பேசின் கதை அப்போதுதான் வெளியே வந்தது. அவள் கோபப்படவில்லை. "ஓடிக்கிட்டிருக்கிற ஆலையில மெயினைப் பட்டுன்னு இழுத்து அணைப்பீங்களா?" என்று கேட்டாள். "அதெப்படிம்மா, ஒவ்வொரு மெஷினா நிறுத்திட்டுதான் மெயின்ல கை வைக்கணும்" என்று இவர் பாடம் நடத்தினார். "அப்ப தலைக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?" என்றாள். பத்து மாதமாக அந்த மருந்தோடு ஒத்துப்போய்விட்ட மூளை திடீரென்று அது வராமல் போனதும் தடுமாறுகிறதாம், போதைக்கு அடிமையாவது வேறு, இது வேறாம். பழைய மாத்திரையையே திரும்பத் தொடங்கினாள். நாலைந்து நாளில் ஷாக் நின்றது. நிறுத்துகிற காலம் வரும்போது தன் கண்முன்னால் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். மேல் வீட்டுக்காரரிடம் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

உன்னை இவ்வளவு திட்டுகிறேனே, என் மேலும் தப்பு இருக்கிறது. போன வருடம் அப்பாவுக்கு முதுகு வலி, அதனால் பேச வரவில்லை என்று உன்னிடம் மூன்று மாதம் சொன்னேன் அல்லவா, முதுகு நன்றாகத்தான் இருந்தது. அவர் குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். ஒரு நாள், "நான் இல்லாட்டி உனக்கு வேலை மிச்சம்" என்றார். அன்றைக்குத்தான் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை பதறுவானே என்று உனக்கு மறைத்தேன். நீ அந்த மனிதரைப் பார்க்கவில்லை. அந்த மாத்திரை என்ன செய்தது என்று பார்த்தவள் நான்.

இப்போது தினமும் என் கண்ணெதிரே போட்டுக்கொள்கிறார். ஆனால் இரண்டு வாரமாகத் திங்கட்கிழமையானால் தலைசுற்றல். குடைந்து குடைந்து கேட்டதில் நேற்று சொன்னார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுகிறாராம். ஏன் என்றால், "அன்னைக்குத்தான் பையன் கூப்பிடறான். மாத்திரை போடறீங்களான்னு கேட்டா, இன்னைக்குப் போடலைடான்னு சொல்லலாம். பொய் சொன்னதாவும் ஆகாது, அவனுக்கும் நான் ஸ்ட்ராங்காவே இருப்பேன்" என்றார். என் பேச்சை முப்பத்தெட்டு வருடமாகக் கேட்காதவர் இனிமேலா கேட்கப் போகிறார். உன் பேச்சுக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் வேறெதுவும் பேசாமல், "நான் தெரியாம சொல்லிட்டேன்பா, போய் மாத்திரையைப் போட்டுட்டு வாங்க" என்று சொல். அவர் போட்டுவிட்டு வரும்வரை, எவ்வளவு நேரமானாலும், போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா