பங்கு பிரியாத டிஸ்க்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். வானம் இருட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. மாங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை.

பாகம் பிரித்தாகிவிட்டது. முற்றத்தின் நடுவே சுவர் எழும்பிவிட்டது, பூச்சு பாக்கி. கிணற்றோரத் தென்னை வரிசைக்காகச் சண்டை போட்டதிலிருந்து இவரும் கொழுந்தன் சிவாவும் பேசுவதில்லை.

எங்களுக்கு: மேற்குப் பக்கம், ஒரு பசு, கிரைண்டர். சிவாவுக்கு: கிழக்குப் பக்கம், ஒரு பசு, கம்ப்யூட்டர். கிணறு பொது.

விட்டுப்போனது லாரி கேம் டிஸ்க். கல்யாணத்துக்கு முன்பே அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போட்டு சேலத்தில் வாங்கியது. இருவருக்கும் சேர்த்து அதில் ஒரு லாரி கம்பெனி, பதினாறு வண்டி. டிரைவில் டிஸ்க் இருந்தால்தான் கேம் திறக்கும். பாகம் பிரிக்க வந்த பெரிய மாமா, "அத வேணா ரெண்டா ஒடைச்சிக்கங்கடா" என்று சிரித்தார். இவர்கள் சிரிக்கவில்லை.

இவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்திருக்கிறார். டிஸ்க்குக்குக் காப்பி போடுவது என் தலையில். "நீ கடையில அந்த வேலதான செய்யிற?" கடத்தூர் ஜெராக்ஸ் கடையில் நான் செய்வது பட்டா, வருமானச் சான்று. சொன்னால் கேட்டால்தானே.

ஜூன் 5, வியாழன்
வெயில். வெற்று டிஸ்க் மூன்று பாழ். காப்பி ஒழுங்காகத்தான் ஏறுகிறது. திறந்தால், 'ஒரிஜினல் டிஸ்க்கைப் போடவும்' என்கிறது. கேம் செய்த கம்பெனியிலேயே வைத்த பூட்டாம், காப்பியில் அது வராதாம். காசு கொடுத்து வாங்கியவர்களையே திருடர்களாகப் பார்க்கிறது. எரிச்சல்.

டிஸ்க்கின் நடு ஓட்டைப் பக்கம் மெல்லிய விரிசல் வேறு. அது போனால் பதினாறு வண்டியும் போச்சு. டிஸ்க்கைப் போட்டோ எடுத்து, கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் வரும் என்று நம்பிக்கை இல்லை.

அதுவரை கிணற்று மோட்டார் மாதிரி முறை. ஒருநாள் இவருக்கு, ஒருநாள் சிவாவுக்கு. டிஸ்க்கும், கேம் கணக்கு இருக்கிற பென் டிரைவும் ஒரே டப்பாவில், சுவர் மேல். இருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னவள் நான்.

ஜூன் 9, திங்கள்
பால் திரிந்துவிட்டது. ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

சிவா வாசலில் நின்று, "அண்ணி, டீசல் போடாமயே வண்டிய நிறுத்தி வச்சிருக்காரு. பாதி வழியில நின்னு போச்சு. சொல்லி வைங்க."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர், என்னைப் பார்த்து, "பிரேக்கு தேஞ்ச வண்டியில லோடு ஏத்துனது யாருன்னு கேளு."

இருவருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது. "நடுவுல நான் என்ன கிளீனரா?" என்றேன். சிவா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 12, வியாழன்
மழை, ஒருவழியாக. துணி நனைந்துவிட்டது.

சிவா நேராக உள்ளே வந்துவிட்டான். என்னைக் கூப்பிடவில்லை. "ஏண்ணா, கேம்ல புது வண்டி எடுக்கறன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேணாம்ப."

அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீ குடித்தான். கிணற்று மோட்டார் சத்தம் ஒரு மாதிரி வருகிறது, காலையில் சேர்ந்து பார்ப்போம் என்று பேசிக்கொண்டார்கள். தென்னை பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 14, சனி
கம்பெனியிலிருந்து பதில்! கேம் இப்போது விற்பனையில் இல்லையாம். வாங்கியவர்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று, டிஸ்க் இல்லாமலே கேமைத் திறக்கிற ஒரு சின்ன ஃபைல் அனுப்பியிருக்கிறார்கள். இவர் தோட்டத்தில் இருக்கும்போது போட்டுப் பார்த்தேன். டிஸ்க் டப்பாவில், திரையில் பதினேழு லாரி. கை தட்டிவிட்டேன், தனியாக.

அப்புறம் யோசனை. இதைக் கொடுத்தால் ஆளுக்கொரு காப்பி. அவனவன் வீட்டில் அவனவன் கம்பெனி. யாரும் யார் வாசலுக்கும் வர வேண்டியதில்லை.

போட்டதை அழித்தேன். ஃபைல் என் பென் டிரைவில், கேழ்வரகு டப்பாவின் அடியில். டிஸ்க் உடைகிற அன்று எடுப்பேன்.

இவர் வந்ததும், "பதில் போட்டானா?" என்றார்.

"இல்லீங்க."

"கெடக்குது வுடு."

இன்று சிவா முறை. இவர் டப்பாவைச் சுவர் மேல் வைக்கவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். இன்னும் வரவில்லை. சோறு ஆறுகிறது.